கரையில் இரண்டு அடையாளம்: தினமும் எழுத ஒரு குமரி வழிகாட்டி

ஜிபிஎஸ் கருவி வருவதற்கு முன்பு, கடலுக்கு அடியில் கிடக்கும் பாரை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சல் பக்கத்துப் பெரியவர் ஒருவர் எனக்குச் சொல்லித் தந்தார். பார் என்றால் கடலடிப் பாறைத் திட்டு, மீன் கூடுகிற இடம். மேலே இருந்து பார்த்தால் எங்கும் ஒரே தண்ணீர்தான். கரையைத் திரும்பிப் பார்க்க வேண்டும். பக்கத்தில் ஒரு தேவாலயக் கோபுரமோ தனிப் பனையோ தெரியும். அதற்குப் பின்னால், தூரத்தில், ஒரு மலை முகடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நிற்கிற கோட்டில் வள்ளத்தைக் கொண்டுபோக வேண்டும். அப்புறம் வேறு திசையில் அதேபோல இன்னொரு ஜோடி. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் தூண்டிலை இறக்கினால் கீழே பார் இருக்கும்.

"ஒத்த அடையாளத்த வச்சிட்டுப் போனா வெறுங்கடலுதாம் மக்கா கிட்டும்" என்றார்.

எழுத ஒன்றும் தோன்றவில்லை என்று யாராவது என்னிடம் சொன்னால் இந்தப் பேச்சுதான் நினைவுக்கு வரும். தோன்றாமல் இருப்பதில்லை. தினமும் பத்து விஷயம் கண்ணில் படுகிறது. ஒவ்வொன்றையும் ஒற்றை அடையாளமாகவே வைத்துக்கொண்டு கடலில் சுற்றுகிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் சுற்றினேன். கீழே இருப்பது, வேலைக்குப் போய்க்கொண்டே கதை எழுதும் ஒருவன் தனக்காக வகுத்துக்கொண்ட முறை. நீங்கள் நாகர்கோவிலில் இருந்தாலும் குலசேகரத்தில் இருந்தாலும் நாளைக் காலையிலேயே ஆரம்பிக்கலாம்.

முதல் படி: ஒரு நோட்டு, ஒரு முடிச்சு

சட்டைப் பையில் அடங்குகிற நோட்டு ஒன்று வாங்குங்கள். விலை குறைந்ததாக இருக்கட்டும். அழகான தோல் அட்டை போட்ட நோட்டில் கிறுக்க மனம் வராது. எனக்குப் பரிசாக வந்த அப்படி ஒன்று ஆறு வருடமாக அலமாரியில் கன்னி கழியாமல் இருக்கிறது. செல்போனில் எழுதுகிறவர்கள் எழுதலாம். ஆனால் போனைத் திறந்தால் குறிப்பு எழுதும் இடத்துக்கு முன்னால் வாட்ஸ்அப் நிற்கும், அதைத் தாண்டிப் போகிற வைராக்கியம் எனக்கு இல்லை.

எப்போது எழுதுவது என்பதை முதலிலேயே தீர்த்துவிடுங்கள். ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் விரிவாக எழுதிய விஷயம் இது: "இனி ஒழுங்காகச் செய்வேன்" என்று பொதுவாக முடிவெடுப்பதைவிட, "இது நடந்ததும் இதைச் செய்வேன்" என்று நேரத்தோடும் இடத்தோடும் முடிச்சுப் போட்டு வைப்பவர்கள் காரியத்தில் இறங்குவது அதிகம். என் முடிச்சு இதுதான்: காலைச் சாயா குடித்து டம்ளரைக் கழுவி வைத்ததும் நோட்டைத் திறப்பேன். சாயா குடிக்க மறந்த நாள் என் வாழ்க்கையில் கிடையாது.

ஒரு நாளைக்கு ஐந்து வரி போதும். அன்றைக்குப் பார்த்தது, கேட்டது, முகர்ந்தது. கருத்து வேண்டாம். "வாழ்க்கை நிலையில்லாதது" என்று எழுதினால் அடித்துவிட்டு, எதைப் பார்த்து அப்படித் தோன்றியதோ அதை எழுதுங்கள்.

இரண்டாம் படி: இரண்டு கோடு போடுவது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

வாரத்தில் ஒரு நாள், எனக்கு ஞாயிறு மதியம், அந்த வாரத்துக் குறிப்புகளைப் படியுங்கள். ஒன்றைப் பிடியுங்கள். அது பக்கத்து அடையாளம். அதற்கு நேர் பின்னால் உங்கள் மனசில் என்ன நிற்கிறது என்று பாருங்கள். பழைய ஞாபகமாக இருக்கலாம், ஊரின் வரலாறாக இருக்கலாம், யாரிடமும் சொல்லாத பயமாகவும் இருக்கலாம். அது தூரத்து அடையாளம். ஒரு கோடு கிடைத்துவிட்டது. அடுத்து, கொஞ்சமும் சம்பந்தமில்லாத இன்னொரு குறிப்பை எடுத்து அதற்கும் இதேபோல ஒரு கோடு.

உதாரணத்துக்கு என் நோட்டிலிருந்தே ஒன்று. வடசேரியிலிருந்து மார்த்தாண்டம் போகும் பஸ்ஸில், மடியில் ஒரு முழுச் சக்கையை, அதாவது பலாப்பழத்தை, வைத்துக்கொண்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் லக்கேஜ் போட வேண்டும் என்கிறார். "பிள்ளைக்குக் கொண்டு போறேன் மக்களே, இதுக்குமா டிக்கெட்டு?" என்கிறார் அந்த அம்மா. பஸ் முழுக்கச் சக்கை மணம். இவ்வளவுதான் குறிப்பு. இதற்குப் பின்னால் எனக்குத் தெரிந்தது என் பெரியம்மா. எங்கே போனாலும் கையில் பாரத்தோடுதான் போவார். வெறுங்கையோடு ஒரு வீட்டுப் படியேறியதை நான் பார்த்ததே இல்லை.

இரண்டாவது குறிப்பு வேறு நாளையது. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் (நம் மாவட்டத்துக்காரர்களுக்கு வளைகுடா போக அதுதானே வாசல்) ஒரு பையன் பெட்டியைத் தரையில் திறந்துபோட்டு, எடை கூடியதால் ஒவ்வொரு பொட்டலமாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தான். சக்கை வத்தல், மீன் ஊறுகாய், தேன் பாட்டில். இதற்குப் பின்னால் நின்றது என்ன? வேலைக்காக நான் வெளியூர் போன முதல் நாள், அம்மா கட்டித் தந்த பலகாரத்தை வெட்கப்பட்டு ரயிலிலேயே விட்டுவிட்டு இறங்கியது.

இரண்டு கோடும் எங்கே வெட்டுகிறது? ஏர்போர்ட் வாசலில் பையன் வெளியே எடுத்து வைத்த பொட்டலங்களைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகிற அம்மாவிடம். போகும்போது மகன் இருந்தான், திரும்பும்போது அதே பாரம் மடியில் இருக்கிறது. கண்டக்டர் லக்கேஜ் போட வேண்டும் என்கிறார். இந்த அம்மா இப்போது என்ன சொல்வார்?

நான் சக்கையை மட்டும் வைத்து எழுதியிருந்தால் பஸ் காட்சி ஒன்று கிடைத்திருக்கும். அதை நான்கு தடவை எழுதிப் பார்த்துத் தோற்ற பிறகுதான் இதைச் சொல்கிறேன். எல்லா ஞாயிறும் பார் கிடைக்காது. மூன்று வாரம் ஒன்றுமில்லாமல் போகும், நாலாவது வாரம் பழைய நோட்டில் கிடந்த ஏதோ ஒன்று வந்து நேராக நிற்கும். அதனால் பழைய நோட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

மூன்றாம் படி: கண்ணுக்கு ஒரு வேலை கொடுத்து இடங்களுக்குப் போங்கள்

கன்னியாகுமரி முனையில் சூரிய உதயம் பார்த்தால் கவிதை வரும் என்று நம்பிப் போகாதீர்கள். அங்கே எல்லோருக்கும் வருவது ஒரே கவிதைதான். போவதென்றால் சித்ரா பௌர்ணமி அன்று மாலை போங்கள். ஒரு பக்கம் சூரியன் இறங்க மறுபக்கம் நிலா ஏறும். நீங்கள் இரண்டையும் பார்க்காமல், பார்க்க வந்தவர்கள் எந்தப் பக்கம் முதலில் திரும்புகிறார்கள் என்று பாருங்கள்.

தோவாளைப் பூச்சந்தைக்கு விடியும் முன் ஒரு தடவை, மதியத்துக்கு மேல் ஒரு தடவை போக வேண்டும். காலையில் பிச்சிப்பூவுக்கும் மல்லிக்கும் சொல்கிற விலை, முகூர்த்த நாளிலும் ஓணத்துக்கு முந்தின நாட்களிலும் எங்கோ போய் நிற்கும். மதியம் விற்காமல் மிஞ்சிய பூவை என்ன செய்கிறார்கள், அதை விற்கிறவரின் குரல் காலையிலிருந்து எப்படி மாறியிருக்கிறது, இதை மட்டும் குறித்து வாருங்கள். ஒரு நாளின் ஏற்றமும் இறக்கமும் ஒரே ஆளிடம் தெரியும். சிறுகதைக்கு வேண்டிய வடிவம் அங்கே தரையில் கிடக்கிறது.

புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாயின் கல்லறை இருக்கிறது. 1741இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் படையிடம் பிடிபட்டவர், டச்சுக் கம்பெனிப் படையில் இருந்தவர். அப்புறம் அதே திருவிதாங்கூர் படைக்குத் தளபதியாகி, கடைசியில் இங்கேயே மண்ணாகிப்போனார். கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. சரித்திர நாவல் எழுதச் சொல்லவில்லை. பிடித்துவைத்தவர்களிடமே வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அந்த ஆள் வீட்டுக்கு என்ன கடிதம் எழுதியிருப்பார் என்று அரைப் பக்கம் எழுதிப் பாருங்கள். உங்கள் அலுவலகத்தில் கட்சி மாறிய யாராவது அதில் வந்து உட்காருவார்கள்.

பத்மநாபபுரம் அரண்மனை இன்னொன்று. 1956 நவம்பர் 1இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, இன்று தமிழ்நாடு என்கிற அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அரண்மனை நிற்கும் மண் தமிழ்நாட்டுடையது, பராமரிப்பது மட்டும் கேரள அரசு. பாகம் பிரித்த பிறகும் தறவாட்டுச் சாவி, அதாவது பூர்வீக வீட்டுச் சாவி, ஒருவர் கையிலேயே இருக்கும் குடும்பக் கதை உங்கள் சொந்தத்திலேயே ஒன்று இருக்காதா?

மாத்தூர் தொட்டிப் பாலத்தில் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பேசாமல் நடங்கள். 115 அடி உயரம். பக்கத்தில் தொட்டியில் தண்ணீர் ஓடும், கீழே ஆறு. தண்ணீருக்கு மேலே தண்ணீர். அங்கே எனக்குக் கதை எதுவும் கிடைத்ததில்லை, சும்மா பிடிக்கும்.

நான்காம் படி: காதைத் தீட்டுவது

நம் மாவட்டத்தில் கிழக்கே இருந்து மேற்கே ஒரு மணி நேரம் பஸ்ஸில் போனால் பேச்சு மாறிவிடும். நாகர்கோவிலுக்குக் கிழக்கே "தண்ணி" கேட்டவர் குழித்துறை தாண்டினால் "வெள்ளம்" கேட்க வேண்டும். எங்கள் அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்த திருச்சிக்காரர் ஒருவர், வீட்டுக்காரம்மா "மேல வெள்ளம் உண்டா?" என்று கேட்டதும் மாடி முழுக்க ஓடிப் பார்த்திருக்கிறார், ஏதோ குழாய் உடைந்துவிட்டதென்று.

பயிற்சி இதுதான்: வாரம் ஒரு உரையாடலை, நான்கே வரி, கேட்டபடியே எழுதுங்கள். சந்தையில், சாயாக் கடையில், ஆஸ்பத்திரி வரிசையில். செல்போனில் பதிவு செய்யாதீர்கள். அது மரியாதையும் இல்லை, பயனும் இல்லை. நினைவில் வைத்து வீட்டுக்கு வந்து எழுதும்போது உங்கள் காது எதைப் பிடித்தது, எதை விட்டது என்று தெரியும். கதைக்குள் வட்டார வழக்கைக் கொட்டிவிடவும் வேண்டாம். பத்து வரிக்கு ஒரு "கிட்டும்" போதும், வாசிக்கிறவர் மீதியைத் தானே கேட்டுக்கொள்வார்.

ஐந்தாம் படி: ரப்பர் பால் வெட்டுவதுபோல

உற்சாகம் வந்தால் எழுதுவேன் என்கிறவர்களை ஒருநாள் ரப்பர் தோட்டத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு இருட்டிலேயே வெட்டுக்காரர்கள் இறங்கிவிடுவார்கள். காரணம் இருக்கிறது. விடியும் முன் மரத்துக்குள் நீரின் அழுத்தம் கூடுதலாக இருக்கும், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறி இலைகள் நீரை விட ஆரம்பித்தால் ஓட்டம் குறைந்துவிடும். உங்களுக்கும் அப்படி ஒரு நேரம் உண்டு. எனக்குக் காலை, என் நண்பர் ஒருவருக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. இரண்டு வாரம் வெவ்வேறு நேரத்தில் எழுதிப் பார்த்துக் கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்த பிறகு அந்த நேரத்தை மின்கட்டணம் கட்டவும் மாமா வீட்டுக்குப் போன் போடவும் கொடுக்காதீர்கள்.

அடுத்தது, வெட்டு எவ்வளவு ஆழம். பட்டையை ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் மெலிசாகச் சீவுவார்கள். பேராசைப்பட்டுக் கத்தியை உள்ளே விட்டால் அன்றைக்குப் பால் கிடைக்கலாம், ஆனால் மரம் காயப்பட்டு அந்த இடம் முண்டு முண்டாகிவிடும். நான் ஒரு விடுமுறையில் பத்து நாளில் நாவல் எழுதி முடிக்கிறேன் என்று உட்கார்ந்து, தினம் ஏழு மணி நேரம் எழுதினேன். எட்டாம் நாள் நிறுத்தியவன் அடுத்த ஐந்து மாதம் நோட்டைத் தொடவில்லை. அந்த நாவல் இன்னும் எட்டாம் நாளில்தான் நிற்கிறது.

பல தோட்டங்களில் ஒன்றுவிட்டு ஒருநாள்தான் வெட்டு. மரம் பாலை மீண்டும் ஊறவைக்க அந்த இடைநாள் வேண்டும். அதையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஒருநாள் எழுத்து, மறுநாள் வாசிப்பும் குறிப்பும். எழுதும் நாளில் நாற்பது நிமிடம். அடுத்த வரி தெரிந்திருக்கும்போதே எழுந்துவிடுங்கள். தெரிந்த அந்த வரியை ஓரத்தில் இரண்டு சொல்லில் குறித்து வைத்தால், மறுபடி உட்காரும்போது வெள்ளைத்தாளின் முன்னால் விழிக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒட்டுப்பால். சிரட்டையிலும் வெட்டின கோட்டிலும் உறைந்து ஒட்டிக்கொண்டிருப்பதை யாரும் வீணாக்குவதில்லை. பிய்த்துச் சேர்த்துத் தனியாக விற்பார்கள். கதையிலிருந்து நீங்கள் வெட்டியெறிந்த பத்திகளுக்கும் ஒரு சாக்கு வையுங்கள். என் கணினியில் அந்தக் கோப்பின் பெயரே ஒட்டுப்பால்தான். சென்ற வருடம் வெளியான என் ஒரே கதை அதிலிருந்து எடுத்தது.

ஆறாம் படி: சொந்தக்காரர்களைக் காப்பாற்றுவது

இதை யாரும் சொல்லித் தருவதில்லை, நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஆரம்பத்தில் எழுதிய ஒரு கதையில் பக்கத்து வீட்டு அண்ணாச்சியை அப்படியே வைத்தேன். பெயரை மட்டும் மாற்றினேன். அவர் பேசும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது, கடன் கேட்டு வந்தவனுக்குப் பழம்பொரி வாங்கிக் கொடுத்தே அனுப்பிவிடுவது எல்லாம் அதில் இருந்தது. பத்திரிகை வந்த வாரத்திலேயே அவர் வீட்டு ஜன்னல் எங்கள் பக்கம் சாத்தப்பட்டது. இரண்டு வருடம் திறக்கவில்லை. நம் மாவட்டம் சின்னது. எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும் "அங்க எங்க மைனிக்க தங்கச்சிய கெட்டிக் குடுத்திருக்கு" என்று யாராவது சொல்வார்கள்.

இப்போது நான் செய்வது: ஒரு பாத்திரத்துக்குக் குறைந்தது மூன்று பேர். ஒருவரின் நடை, ஒருவரின் பேச்சு, இன்னொருவரின் பிரச்சினை. தொழிலை மாற்றுவேன், ஊரை மாற்றுவேன், முடிந்தால் ஆணைப் பெண்ணாக்குவேன். ஜாக்கிரதைக்காக ஆரம்பித்தது, கதைக்கும் நல்லதாகவே போயிற்று. தெரிந்த ஆளை அப்படியே எழுதும்போது அவர் செய்ததை மட்டுமே எழுதுவோம். மூன்று பேரைக் கலந்தால் அடுத்து என்ன செய்வார் என்று நமக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளவாவது மறுநாள் உட்காருவோம்.

ஏழாம் படி: ஆமா போட ஓர் ஆள்

கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். புலவர் ஒரு வரியைச் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் "ஆமா" என்று வாங்கிக்கொள்வார். அந்த "ஆமா" இல்லாமல் விடிய விடியக் கதை சொல்ல யாராலும் முடியாது. எழுதுகிறவருக்கும் அப்படி ஓர் ஆள் வேண்டும். எழுத்தாளராக இருக்க வேண்டியதில்லை, இல்லாமல் இருப்பது நல்லது. என்னுடையவர் நகைக்கடையில் கணக்கெழுதுகிறவர். மாதம் ஒருமுறை கதையை வாசித்துக் காட்டுவேன். நல்லாயிருக்கா என்று கேட்பதில்லை. எங்கே கவனம் போனது, எங்கே அடுத்தது என்ன என்று தோன்றியது, இந்த இரண்டை மட்டும் கேட்பேன். "அந்த ரெண்டாம் பக்கத்துல நான் கரண்டு பில்ல நினைச்சேன்" என்று ஒருமுறை சொன்னார். இரண்டாம் பக்கம் ஒட்டுப்பாலுக்குப் போயிற்று.

நம் மாவட்டத்தில் ஒரு கல்லை எறிந்தால் எழுத்தாளர் மேல்தான் விழும் என்பார்கள். இவ்வளவு பேர் எழுதிய மண்ணில் நான் என்ன புதிதாக எழுதிவிடப் போகிறேன் என்ற சோர்வு வரும்போதும் அவரிடம்தான் போவேன். அவருக்கு அவர்களில் பாதிப் பேரைத் தெரியாது, அதுவே எனக்கு ஆறுதல்.

வலை காயும் மாதங்கள்

எல்லாம் செய்தும் ஒன்றும் நகராத காலம் வரும். நம் மாவட்டத்தில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் இரண்டு: கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒவ்வொன்றும் 61 நாள், மீன் இனம் பெருகட்டும் என்பதற்காக. அந்த நாட்களில் துறைமுகத்துக்குப் போய்ப் பார்த்தால் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருப்பார்கள், பலகைக்குப் பெயின்ட் அடிப்பார்கள், கிழிந்த வலையை விரித்துச் சரிசெய்வார்கள்.

நானும் வருடத்தில் இரண்டு மாதம் எனக்கே தடை போட்டுக்கொள்கிறேன். மழை பிடித்த ஜூன், ஜூலை. புதுக்கதை எழுதக் கூடாது. பழைய கதைகளைத் திருத்தலாம், நோட்டுகளை வாசிக்கலாம், ஐந்து வரிக் குறிப்பு மட்டும் நிற்கக் கூடாது. தடை முடியும் நாளை நாட்காட்டியில் வட்டம் போட்டு வைப்பது முக்கியம். வட்டம் போடாத வருடம் ஒன்றில் எனக்குத் தடைக்காலம் டிசம்பர் வரை நீண்டது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டில் மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு, அவிகிறது. இரண்டு வருடம் சாத்திக் கிடந்த அதே ஜன்னல் வழியாகத்தான் மணம் வருகிறது. நோட்டில் குறித்துவிட்டேன். அதற்குப் பின்னால் நிற்கும் முகடு எது என்று இன்னும் பிடிபடவில்லை. ஞாயிறு மதியம் பார்க்க வேண்டும்.